தச்சு வேலை கற்க ஐடிஐயா, ஆசாரியா? பழைய வீடு புதுப்பிக்கும் தொழிலில் இறங்க நினைப்பவருக்கு

மே 18, 2025 – கேள்வி (பெரம்பூர் தம்பி ஒருவர்)

வயது 23. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது உணவு டெலிவரி ஓட்டுகிறேன். கார்பென்டர் வேலை கற்றுக்கொண்டு, பிறகு வீடு புதுப்பிக்கும் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்ய ஆசை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தத் தொழில் தெரியாது. ஒரு தனியார் இடத்தில் மூன்று மாத இன்டீரியர் கோர்ஸுக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். அதில் சேரலாமா, ஐடிஐயா, இல்லை ஏதாவது ஆசாரியிடம் ஹெல்பராகப் போவதா? மாடுலர் கிச்சன், மெஷின் எல்லாம் வந்த பிறகு இந்த வேலை இன்னும் பத்து வருடம் தாங்குமா?

மே 18, இரவு

85,000 கட்ட வேண்டாம். மூன்று மாதத்தில் கம்ப்யூட்டரில் படம் போடப் பழகலாம், கை பழகாது. அந்தப் பணம் இருந்தால் நல்ல கருவிகள் வாங்கி, கற்றுக்கொள்ளும் காலத்துக்கு வீட்டுச் செலவையும் கொஞ்சம் தாங்கலாம். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 19

நான் அரசு ஐடிஐயில் கார்பென்டர் பிரிவு படித்துவிட்டு வியாசர்பாடியில் ஓர் ஆசாரியிடம் சேர்ந்தவன். இப்போது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் பழைய வீடுகளையும் ஃபிளாட்களையும் புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். கதவு, ஜன்னல், கூரை மரம், கிச்சன், அலமாரி எல்லாம் உண்டு. இரண்டு வழியும் தெரியும் என்பதால் சொல்கிறேன்: இரண்டும் வேண்டும். எது முதலில் என்பதுதான் கேள்வி.

முடிந்தால் ஐடிஐ முதலில். தச்சுப் பிரிவு ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. சென்னையில் கிண்டி, அம்பத்தூர், திருவான்மியூர், வட சென்னை என்று அரசு ஐடிஐகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லாப் பிரிவும் கிடையாது, விண்ணப்பிக்கும்போதே பிரிவைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சேரும் பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்கு 2022லிருந்தே புதுமைப்பெண். டிப்ளமோ முடித்த உங்களுக்கு அது பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றத் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன்.

ஐடிஐயில் என்ன கிடைக்கும்? மரத்தை அடையாளம் காணுவது, வரைபடம் படிப்பது, கையால் இழைப்பது, டவ்டெயில், மார்ட்டிஸ்-டெனன் என்று மரத்தோடு மரம் கோக்கும் இணைப்புகள், மெஷினில் கை வைக்கும் முறை. தப்பாக அறுத்தாலும் யாரும் கூலியைப் பிடிக்க மாட்டார்கள். இந்தச் சுதந்திரம் சைட்டில் கிடைக்கவே கிடைக்காது. ஒரு ப்ளைவுட் ஷீட் வீணானால் அன்றைய கூலி போச்சு என்ற பயத்தோடு கற்பவன் துணிந்து ரம்பத்தைப் பிடிக்க மாட்டான்.

ஐடிஐயில் கிடைக்காதது: வேகம், இன்று வீடுகளில் நடக்கும் ப்ளைவுட்-மைக்கா வேலை, வீட்டுக்காரரோடு பேசும் பக்குவம், பழைய சுவர். இவற்றுக்கு ஆசாரி வேண்டும்.

மே 19, பிற்பகல்

ஹெல்பராகப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நாள் கூலிக்கு வேலை செய்யும் ஆசாரியிடம் போங்கள். சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்ட் எடுத்தவரிடம் ஆரம்பத்தில் போக வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை. சதுர அடிக் கணக்கில் ஒவ்வொரு மணி நேரமும் அவர் பணம், உங்களுக்குக் காட்டிக்கொடுக்க நிற்க முடியாது. வருடக்கணக்கில் ஷீட் தூக்கி, ஃபெவிகால் தடவி, கடைசிவரை டேப்பைத் தொடாத பையன்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பையன்கள்.

மே 22

மெஷின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

ஒரு நேரான பெட்டி, அதாவது கிச்சன் அலமாரிக் கூடு, செய்வதில் தொழிற்சாலையோடு போட்டி போட முடியாது. ஷீட்டை அறுப்பது, ஓரப்பட்டை ஒட்டுவது, கீலுக்கு 35 மில்லிமீட்டர் குழி போடுவது எல்லாம் அங்கே நம் கையைவிடச் சுத்தமாக நடக்கும். ப்ளைவுட் பெட்டி மட்டும் கற்றவர்களின் கூலி இதனால் ஏறாமல் நிற்கிறது. நம் பேட்டைகளில் இன்டீரியர் வேலையில் பெரும்பகுதியை ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த குழுக்கள் செய்கின்றன. வேகமான, நேர்த்தியான கைகள். மைக்கா ஒட்டும் நுணுக்கத்தில் பாதியை நான் ராஜஸ்தான் ஆட்களிடம்தான் கற்றேன். அவர்களோடு விலைப் போட்டியில் இறங்குவதும் அவர்களைக் குறை சொல்வதும் நமக்குச் சோறு போடாது.

ஆனால் அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறோம்? மேற்கு மாம்பலத்தில் நாற்பது வருடப் பழைய ஃபிளாட் ஒன்றில் கிச்சன் சுவரை அளந்து பாருங்கள். தரையில் ஓர் அளவு, இடுப்பு உயரத்தில் ஓர் அளவு, சீலிங் பக்கம் ஓர் அளவு. மூன்றும் ஒன்றாக வராது. மூலை 90 பாகையில் இருக்காது. தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். தொழிற்சாலைப் பெட்டி வந்து இறங்கிய பிறகு சுவரோடு ஒரு விரல் சந்து நிற்கும், இல்லையென்றால் உள்ளேயே போகாது. அந்த இடத்தில்தான் தச்சன் வேண்டும். மூலையில் ஒரு சுவரில் 3 அடி, இன்னொன்றில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பவன், வராவிட்டால் எத்தனை நூல் (ஒரு நூல் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) விலகுகிறது என்று எழுதிக்கொள்பவன், பக்கப் பலகையைச் சுவரின் வளைவுக்கு ஏற்பச் சீவிப் பொருத்துபவன்.

எனவே என் பதில்: புது வீட்டுப் பெட்டி வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பழுது பார்க்கவும், பழையதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். பழைய வீடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, அதற்கு அச்சு போட்டு வைக்க எந்த மெஷினாலும் முடியாது. பத்து வருடம் என்ன, உங்கள் ஆயுளுக்கும் இந்த நகரத்தில் பழைய வீடு தீராது.

மே 25

“ஆசாரி வீட்டில் பிறக்காதவனுக்கு நுணுக்கத்தைச் சொல்லித்தர மாட்டார்கள், நேரத்தை வீணடிக்காதே தம்பி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை ஏற்க முடியாது.

மூடி வைக்கும் ஆசாரிகள் இருந்தார்கள், இன்றும் இருக்கலாம். எனக்குக் கற்றுத்தந்தவர் பரம்பரை ஆசாரி, நான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவனில்லை. உளி தீட்டும்போது பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, கல்லில் எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று காட்டியவர். அவருடைய சொந்த மகன் கணினி வேலைக்குப் போய்விட்டான். இன்று நிறைய ஆசாரிகளின் கவலையே கற்க ஆள் வரவில்லை என்பதுதான்.

அரசுத் திட்டத்திலேயே இந்த விவாதம் நடந்தது. கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் கடனும் தரும் மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. 18 தொழில்களில் தச்சும் ஒன்று. குடும்பத் தொழிலாகச் செய்பவர்களுக்கு என்ற நிபந்தனையும், 18 வயதானாலே சேரலாம் என்பதும் பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குள் தள்ளிவிடும் என்று சொல்லி, 2024 நவம்பரில் தமிழக அரசு அதை அப்படியே நடைமுறைப்படுத்த மறுத்தது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்திருக்கிறது. 25 தொழில்கள், எந்தக் குடும்பமானாலும் சரி, 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். தம்பிக்கு இன்னும் வயது வரவில்லை. ஆனால் வாடகைப் பட்டறையில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர்கள் போய் விசாரிக்க வேண்டும். என் பழக்கத்தில் பலருக்கு இது தெரியவே இல்லை.

ஜூன் 2

முதல் வருடம் எதில் கவனம் வைப்பது என்று கேட்டதற்கு: அளவு, தீட்டல், கோடு. டிசைன் பிறகு வரும்.

உளியை 25 பாகையில் சாணை பிடித்து, முனையை மட்டும் கல்லில் 30க்கு ஏற்றித் தீட்டுங்கள். கையில் இருக்கும் மயிரை மழிக்கும் அளவு கூர் வந்தால்தான் குறுக்கு நார் நசுங்காமல் வெட்டும். மொண்ணை உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்தித் தள்ளுகிறோம்.

டிராயர் ஒன்று செய்து பழகுங்கள். டெலஸ்கோபிக் சேனலுக்கு, அதாவது டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்கு, பக்கத்துக்கு அரை இஞ்ச், மொத்தம் ஓர் இஞ்ச் விட வேண்டும். இரண்டு நூல் கூடினால் சேனல் பந்து கழன்று ஆடும், ஒரு நூல் குறைந்தால் பாதி வழியில் இறுகும். ஒரு டிராயர் சரியாக ஓடினால் உங்கள் அளவு சரி, சதுரம் சரி, பொறுமையும் சரி. வேறு தேர்வு தேவையில்லை. வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

ஜூன் 9

குரோம்பேட்டை அக்கா தன் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சேருங்கள். வேலைக்குப் பலம் தேவைதான், ஆனால் 8×4 ஷீட்டை எந்த ஆணும் தனியாகத் தூக்கக் கூடாது. சைட்டில் கழிப்பறை வசதி இல்லாததுதான் நிஜமான தடை. பட்டறை, பாலிஷ், பழைய மரச்சாமான் புதுப்பிப்பு என்று ஆரம்பித்தால் அது குறையும். நான் இப்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் வேலை பேசும்போதே கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். ஆண்களுக்கும் அது தேவைதான், கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

ஜூன் 15

“பழைய வீட்டைத் திறந்து பார்ப்பது என்றால் என்ன?” சரி, மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய தட்டைக் கூரையை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது.

சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் கோத்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காங்கிரீட், கட்டையால் அடித்து அடித்து இறுக்கியது. மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு. கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்பு. சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

இது கெடுவது நடுவில் இல்லை, முனையில். சட்டம் சுவருக்குள் போகும் இடத்தில் காற்று புகாது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இறங்கும் மழைத் தண்ணீர் அந்தப் பொந்தில் தங்கும். மரம் உள்ளிருந்து மக்கும், கரையானும் அந்த ஈரத்தைத் தேடி வரும். கீழேயிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்த சட்டம் பளபளவென்று இருக்கும். சுவரோரம் ஒரு சாண் தூரம் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மொத்தென்று மாறும் இடத்தில் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். நல்ல தேக்கில் முனை இறங்காது. வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் அன்றைக்கே முட்டு கொடுக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. ஒழுகும்போதெல்லாம் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் மேலே ஒரு சிமெண்ட் அடுக்கு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு இஞ்ச் சிமெண்ட் காங்கிரீட் நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. மக்கிய முனைகளின் மேல் அந்தப் பாரம். போதாததற்குச் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுண்ணாம்பு விடும். மேல் அடுக்கை உடைத்து இறக்கி, முட்டு கொடுத்து, கெட்ட முனைகளை அறுத்து, இரண்டு பக்கமும் ஸ்டீல் சேனல் வைத்து போல்ட் போட்டு, முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டு மறுபடி உட்காரவைத்தோம். ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தார், அந்தக் கூரைக்குக் கீழேதான் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வேலையை ஏன் நேசிக்கிறேன் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஜூன் 16

இதோடு சேர்க்க விட்டுப்போனது. சேப்பாக்கத்தில் பழைய நவாப் அரண்மனையின் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு வேலையிலேயே மீட்டெடுத்திருக்கிறது. பக்கத்தில் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. தம்பி, லீவு நாளில் போய் வெளியே நின்றாவது பாருங்கள். பழைய சென்னைக் கட்டுமானத்தின் அளவும் விகிதமும் கண்ணில் ஏறும்.

ஜூலை 6

பெரம்பூர் தம்பிக்கு ஐடிஐ தாமதமாவதால் அதுவரை கொளத்தூர் பக்கம் ஒரு ஆசாரியிடம் போகிறாராம். நல்லது. முதல் வாரமே ஒரு சந்தேகம்: ஆசாரி வாட்டர்ப்ரூஃப் ப்ளை என்று சொன்னதை வீட்டுக்காரர் நம்பவில்லை.

2015 டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணையில் அதே கதை. அலமாரிகளின் அடிப்பக்கம் உப்பி, மைக்கா பிரிந்து, கதவு மூடாது. ப்ளை வாங்கும்போது ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் எண்ணும் பாருங்கள். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுக்கு. அதிலேயே சாதாரண ஈரத்துக்கு எம்ஆர், கொதிநீர் தாங்க பிடபிள்யூஆர் என்று இரண்டு வகை. ஐஎஸ் 710 மரைன். இதன் பசை 72 மணி நேரம் கொதிக்கவைத்தாலும் விடக் கூடாது என்பது சோதனை.

முக்கியமான விஷயம்: அந்தச் சோதனை பசைக்கு. வெட்டிய ஓரம் வழியாக மரம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். எந்த ப்ளை போட்டாலும் வெட்டிய ஓரத்தை அடைக்காமல் தரையில் உட்காரவைத்தால் உப்பும். பெட்டியை நான்கு இஞ்ச் காலில் தூக்கி வையுங்கள், முன்னால் கழற்றக்கூடிய ஸ்கர்ட்டிங் போடுங்கள், முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக விடுங்கள். சிங்க் அடியில் முதுகுப் பலகையே வேண்டாம். இதற்குக் கூடுதல் செலவு சொற்பம், இதை வீட்டுக்காரரிடம் சொல்லும் ஆசாரிகளும் குறைவு.

ஜூலை 7

அப்படியென்றால் எல்லாமே டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) போர்டில் செய்துவிடலாமே என்கிறார் ஒருவர். சிங்க் அடிக்கும் பாத்ரூம் கதவு நிலைக்கும் போடலாம். நீளமான ஷெல்ஃப் தொய்யும். ஒரே துளையில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். எல்லா இடத்துக்கும் ஒரே பலகை கிடையாது.

ஆகஸ்ட் 3

நேற்று எங்கள் பக்கத்து சைட்டில் ஒரு பையனுக்கு விரல் போனது. கல் அறுக்கும் ஹேண்ட் கட்டரில் மர பிளேடு மாட்டி, பிளேடை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு ஷீட் அறுத்திருக்கிறான். சென்னையில் பாதி சைட்டில் இப்படித்தான் நடக்கிறது. அந்த மெஷின் மரம் அறுக்கச் செய்யப்பட்டதில்லை, மரத்தில் இறுகினால் கையைப் பார்த்து எகிறும். தம்பி, ஆசாரியே சொன்னாலும் அதைத் தொடாதீர்கள். சர்க்குலர் சா என்று தனியாக இருக்கிறது, அதை வாங்க அவரிடம் கேளுங்கள்.

தூசியையும் சாதாரணமாக எடுக்க வேண்டாம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் வைத்திருக்கிறது. ப்ளை, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பசைகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே வகை. துணியைக் கட்டினால் போதாது, என்95 போடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றும்போது அறுக்கவே கூடாது, நனைத்து முழுசாக இறக்குங்கள்.

அந்தப் பையன் நலவாரியத்தில் பதியவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994லிருந்து இருக்கிறது, தச்சரும் அதில் வருவார். 18 முதல் 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை. விபத்து, குழந்தைகள் படிப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. பதிந்தவர்களுக்குத் தையூரில் ஒரு வாரப் பயிற்சி, அந்த நாட்களுக்கு 800 ரூபாய் வீதம் கூலியும் தருகிறார்கள். தகுதி வந்ததுமே பதிந்துவிடுங்கள், அடிபடும்வரை காத்திருக்க வேண்டாம். இதை எழுதும்போது கோபமாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு இருபது வயது.

ஆகஸ்ட் 10

“சென்ட்ரிங் அடிப்பதெல்லாம் தச்சு வேலையா?” என்று ஒருவர் எழுதியதற்கு: ஆம். காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை அச்சுதான் சென்ட்ரிங், காங்கிரீட்டின் உருவமே அந்தப் பலகை. வேறு தச்சர்கள் அதைத் தாழ்வாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. மூட்டு விலகினால் சிமெண்ட் பால் ஒழுகும், காங்கிரீட் தேன்கூடுபோல் ஓட்டையாகும். முட்டுக்கட்டைகளைப் பிரிக்கும் நாளும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐஎஸ் 456இன்படி சாதாரண சிமெண்டில், 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும். இதைக் கற்றுத்தர எல் அண்ட் டியின் கட்டுமானப் பயிற்சி நிலையம் 1995லிருந்து இயங்குகிறது. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் சென்ட்ரிங் நல்ல வழி. ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு முறை கேளுங்கள். 1978லிருந்து இருக்கிறது.

செப்டம்பர் 14

புதுப்பிக்கும் வேலையில் விலை சொல்வது பற்றி. புது வீட்டுக்குச் சதுர அடி விலை சொல்லலாம். பழைய வீட்டுக்குச் சொன்னால் ஒன்று நீங்கள் நஷ்டப்படுவீர்கள், அல்லது மறைக்க ஆரம்பிப்பீர்கள். இரண்டாவதுதான் ஆபத்து. நான் முதல் தொகையைத் திறந்து பார்க்க மட்டும் வாங்குகிறேன்: பழைய கிச்சனைக் கழற்ற, ஒரு டைல் பெயர்க்க, நிலையின் அடிப்பக்கத்தைச் சுரண்ட. உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மொத்த விலை. சிலர் போய்விடுவார்கள். இருப்பவர்கள் அடுத்த வீட்டுக்காரரையும் கூட்டி வருவார்கள்.

அப்புறம் சுவர். கிச்சனைப் பெரிதாக்க வேண்டும் என்பார்கள். பழைய ஃபிளாட்களில் ஒன்பது இஞ்ச் சுவர் பெரும்பாலும் மேல் மாடிகளைத் தாங்கும் சுவர். நாலரை இஞ்ச் என்றாலும் மேலே பீம் இருக்கிறதா என்று என்ஜினியர் பார்க்காமல் உடைக்க வேண்டாம். “பக்கத்து ஃபிளாட்டில் உடைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை” என்று வாதாடுவார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு வாருங்கள். உடைத்த குப்பையைக் கால்வாயோரம் கொட்டாமல் மாநகராட்சியின் பெருங்குடி, கொடுங்கையூர் கட்டட இடிபாட்டு நிலையங்களுக்கு அனுப்பும் வண்டிச் செலவையும் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள்.

நவம்பர் 2

மழை பிடித்துவிட்டது, கதவு மூடவில்லை என்று நாள் முழுக்க போன். தம்பியின் ஆசாரி எல்லாக் கதவையும் இழைத்துக் கொடுக்கச் சொல்கிறாராம், செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

உடனே இழைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் வாங்கி அகலத்தில் விரியும். நவம்பரில் இழைத்தால் மே மாதம் சந்து தெரியும். முதலில் கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பாருங்கள், பாதிக் கதவுகளுக்கு நீளமான ஸ்க்ரூ போட்டாலே போதும். அடுத்து கதவைக் கழற்றி மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பாருங்கள். பெயின்டர் அங்கே பிரஷ் வைத்திருக்கவே மாட்டார், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. காய்ந்த நாள் பார்த்து இரண்டு ஓரத்துக்கும் சீலர் அடித்து மாட்டுங்கள். ஃப்ளஷ் கதவு (இரு பக்கமும் ப்ளை ஒட்டிய சமதளக் கதவு) என்றால் ஓரத்தில் இருக்கும் ரீப்பர் சட்டத்தின் அளவுக்கு மேல் இழைக்கவே கூடாது, ஒட்டு பிரிந்துவிடும். மழை முடிந்து தை மாதத்திலும் உரசினால் அப்போது கீல் பக்கம் இழைத்துக்கொள்ளலாம், பூட்டுப் பக்கம் கை வைத்தால் பூட்டின் அளவே மாறிவிடும். ஆசாரியிடம் இதை எதிர்த்துப் பேசுவதுபோல் சொல்லாதீர்கள். ஒரு கதவைக் கழற்றி, பெயின்ட் இல்லாத கீழ் ஓரத்தை அவருக்குக் காட்டுங்கள்.

நவம்பர் 9

என்ன கருவி வாங்குவது என்று தம்பி கேட்டிருந்தார், கடைசியாக அது. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் போய் வாங்குங்கள், பேரம் பேசலாம். அரை, முக்கால், ஒரு இஞ்ச் உளி மூன்று. கொட்டாப்புளி (மரச்சுத்தியல்). நடுத்தர இழைப்புளி ஒன்று. நல்ல மூலைமட்டம், வாங்கும் முன் பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எடுங்கள். ஐந்து மீட்டர் டேப், ரசமட்டம், இரு பக்க எண்ணெய்க் கல், கைரம்பம். டிரில் ஒன்று போதும், ரூட்டரும் டிரிம்மரும் அடுத்த வருடம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் என்95 பெட்டியும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.